காலை உணவு சேர்த்து

கொருக்குப்பேட்டையில் கேட் போட்டிருந்தார்கள்.
கூட்ஸ் வண்டியின் ஐம்பத்தெட்டுப் பெட்டிகளையும் நின்று எண்ணிவிட்டு
ஓடிப்போய்த்தான் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்தோம்.
ஒரே ஒரு பை.
அதில் நான் புது நைட்டியை வைத்ததையும்
வெளியே எடுத்ததையும்
மறுபடி வைத்ததையும்
மாமியார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.
பொன்னேரியில் ஒரு கல்யாணம் என்று சொல்லியிருந்தோம்.
யாருக்குக் கல்யாணம் என்று
இருவரும் பேசிவைத்துக்கொள்ள மறந்துபோனோம்.

எங்கள் வீடு ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி.
ஒரு அறை, ஒரு சமையலறை, ஏழு பேர்.
போன தை மாதம் கொழுந்தனுக்குக் கல்யாணமானதிலிருந்து
சமையலறை அவர்களுக்கு.
பையனுக்கு நான்கு வயது, நடுவில்தான் படுப்பான்.
ஆறு வருடமாக நாங்கள் போட்ட சண்டைகூட
கிசுகிசுப்பாகத்தான்.

அத்திப்பட்டு தாண்டி
நந்தியம்பாக்கத்தில் இறங்கி
ஷேர் ஆட்டோவில் பத்து நிமிஷம்.
போனில் பார்த்த படத்தில் ஏரி, கொக்கு, பச்சை.
அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியை வெட்டியிருந்தார்கள்,
ஏரிக்குள் அது தலைகீழாக நின்றதை
வெட்ட மறந்துவிட்டார்கள்.

வயலட் அக்கா சாவி கொடுத்தார்.
வாரநாளில் துறைமுகத்து என்ஜினியர்கள் தங்குவார்களாம்.
சனி ஞாயிறு காலி, அதனால் பாதி விலை.
ஜன்னல் கட்டையில் என் பெயரை எழுதும் அளவுக்குச் சாம்பல்.
"இப்பத்தாம்மா தொடச்சேன்" என்று
இன்னொரு தரம் துடைத்துவிட்டுப் போனார்.

கதவைச் சாத்தினேன்.
தாழ்ப்பாள் போட்டேன்.
எடுத்து, இன்னொரு தடவை போட்டேன்.
பித்தளைத் தாழ்ப்பாள், கனமானது,
போய் உட்காரும்போது ஒரு சத்தம்.

"லோகு" என்று கூப்பிட்டுப் பார்த்தேன்,
முழுக் குரலில்.
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வயலட் அக்கா,
"என்னம்மா, எதாவது வேணுமா?"

இவர் சிரித்துச் சிரித்துக் கட்டிலில் விழுந்தார்.
"அஞ்சு நிமிஷம் முதுகைச் சாய்ச்சுக்கிறேன்" என்றார்.
கண்டெய்னர் யார்டில் இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு
நேராக வந்த மனுஷன்.
நைட்டியை மாற்றிக்கொண்டு நான் வரும்போது
வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.
கோபம் வந்தது. எழுப்பலாமா என்று உட்கார்ந்திருந்தேன்.
தூரத்தில் நிலக்கரி வண்டி போனது,
ஏரிப்பக்கம் ஒரு எருமை தும்மியது.
கையை நீட்டினேன், யாருடைய தலையும் தட்டுப்படவில்லை.
காலை நீட்டினேன்.
அதற்கு மேல் எனக்கு நினைவில்லை.

ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டினார்கள்.
ஆப்பம், தேங்காய்ப்பால், ஒரு கிண்ணம் வடகறி.
பதினோரு மணி நேரம் தூங்கியிருந்தோம்.
கன்னத்தில் தலையணைக் கோடுகளோடு
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு தின்றோம்.
ஐந்தாவது ஆப்பத்தை இவர் எனக்குப் பிய்த்து வைத்தார்.
பன்னிரண்டு மணி வரை அறை எங்களுடையது.
அதில் இரண்டு மணி நேரத்தைப் பற்றி
உங்களுக்கு நான் ஒன்றும் சொல்வதாக இல்லை.

கிளம்பும்போது ஒரு நோட்டை நீட்டினார் வயலட் அக்கா.
எங்களுக்கு முன் வந்தவர்கள்
காற்றைப் பற்றி, கொக்குகளைப் பற்றி,
இருமலைப் பற்றியும் எழுதியிருந்தார்கள்.
நான் எழுதினேன்:
தாழ்ப்பாள் நன்றாக இருந்தது.

வீட்டில் எல்லோரும் இருந்தார்கள்.
பையன் ஓடிவந்து பையைத்தான் முதலில் பிடித்தான்,
கல்யாண வீட்டு லட்டு தேடி.
"காலையில என்ன போட்டாங்க?" என்றார் மாமியார்.
"பொங்கல்" என்றார் இவர்.
"ஆப்பம்" என்றேன் நான், அதே நொடியில்.
"ரெண்டுமா? பெரிய எடம்தான்" என்று
ரிமோட்டை எடுத்து டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

சமையலறைக்கு என் பின்னாலேயே வந்தாள் அம்சா,
கொழுந்தன் பொண்டாட்டி.
குடத்தில் தண்ணீரை மடமடவென்று ஊற்றிக்கொண்டே,
அந்தச் சத்தத்துக்குள் கேட்டாள்:
"யார் கல்யாணமோ இருக்கட்டும்க்கா.
எந்த ஸ்டேஷன்ல எறங்கணும்?"